வாசகர் கேள்வி–பதில்: பட்டாளத்தைக் குறைத்துவிட்டுப் படையெடுப்பதா?

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பின்வரிசை உறுப்பினர்கள், ராணுவச் செலவுக் குறைப்பு பற்றியும் வெளிநாட்டுப் போர்கள் பற்றியும் தங்கள் அரசையே குடைவது குறித்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம்.

சேலம்: பின்வரிசை எம்.பி. என்றால் கூட்டத்தோடு கை தூக்குகிறவர்தானே? ஆளுங்கட்சியில் இருந்துகொண்டே அமைச்சரை மடக்கினால் பதவி போய்விடாதா?

கேள்வி கேட்டால் இந்தியாவிலும் பதவி போகாது. கட்சியை விட்டு விலகினாலோ கொறடா உத்தரவை மீறினாலோதான் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயும். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டமே இல்லை. கட்சி கோபப்பட்டால் அவரை நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கலாம், அடுத்த தேர்தலில் சீட்டு மறுக்கலாம். அதுவரை அவர் சுயேச்சையாக அதே சபையில் உட்கார்ந்திருப்பார். 2003இல் இராக் போருக்கு எதிரான திருத்தத்துக்கு 139 தொழிற்கட்சி எம்.பி.க்கள் சொந்தப் பிரதமரை எதிர்த்து வாக்களித்தார்கள். அதற்காக ஒருவர் பதவியும் பறிபோகவில்லை.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில் மொத்தம் 650 பேர். முன்வரிசையில் ஒரு பக்கம் அமைச்சர்கள், எதிர்ப்பக்கம், ஒவ்வொரு துறைக்கும் எதிர்க்கட்சி நியமிக்கும் நிழல் அமைச்சர்கள். மற்றவர்கள் எல்லாரும் பின்வரிசை. அந்தச் சபையிலிருந்து அதிகபட்சம் 95 பேருக்குத்தான் அமைச்சர் பதவி கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அதனால் ஆளுங்கட்சியிலேயே பதவி கிடைக்காதவர்கள், பதவியே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் என ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். இதில் இரண்டாவது வகையினர்தான் அமைச்சர்களுக்குத் தலைவலி.

மதுரை: ஜான் பாரன் என்ற எம்.பி. படைக் குறைப்பையும் எதிர்த்தார், போர்களையும் எதிர்த்தார் என்று படித்தேன். போருக்கே போகக் கூடாது என்பவருக்குப் பெரிய பட்டாளம் எதற்கு? முரண்பாடாக இல்லையா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பின்வரிசையிலிருந்து வந்த விமர்சனங்களில் இதைவிடக் கோர்வையானது அந்தக் காலத்தில் குறைவு.

பாரன் சமாதானவாதி அல்ல. ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஃபியூசிலியர்ஸில் கேப்டனாக இருந்தவர். 2001 முதல் 2024 வரை கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி. இராக் போரை ஏற்க முடியாமல் 2003இல் நிழல் அமைச்சர் பொறுப்பை விட்டார். 2010 செப்டம்பரில், ஆப்கானிஸ்தானில் படை நீடிக்க வேண்டுமா என்று காமன்ஸ் சபை முறையாக வாக்கெடுத்தபோது எதிர்த்தார்; முடிவு 310க்கு 14. 2011 மார்ச் 21 அன்று லிபியா வாக்கெடுப்பில் 557 பேர் ஆதரித்தார்கள், 13 பேர் எதிர்த்தார்கள். அந்த 13 பேரில் கன்சர்வேட்டிவ் எம்.பி. அவர் ஒருவர்தான்.

அவர் வாதம் இதுதான்: ராணுவம் நாட்டைக் காக்கவும், பிறர் நம்மைச் சீண்டாமல் தடுக்கவும் இருப்பது, அதற்குப் பலமாக இருக்க வேண்டும். பிறர் உள்நாட்டுச் சண்டையில் தலையிட அதைச் செலவழிக்கக் கூடாது. பிரிட்டிஷ் அரசு செய்ததோ நேர்மாறு. பலத்தைக் குறைத்தது, வேலையைக் கூட்டியது.

எப்படி என்று அந்த ஐந்து மாதங்களை மட்டும் பாருங்கள். 2010 அக்டோபர் 19 அன்று பிரதமர் டேவிட் கேமரன் பாதுகாப்பு மறுஆய்வை அறிவித்தார். நான்கு ஆண்டுகளில் நிதி 8 சதவீதம் உண்மை மதிப்பில் குறையும். கப்பலிலிருந்து பறக்கக்கூடிய ஹாரியர் போர் விமானங்கள் எல்லாம் வீட்டுக்கு. விமானந்தாங்கிக் கப்பல் ஆர்க் ராயல் காலத்துக்கு முன்பே ஓய்வு. நிம்ராட் கடல் கண்காணிப்பு விமானத் திட்டம், 300 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டிய பிறகு, ரத்து. 2011 மார்ச் 11 அன்று ஆர்க் ராயல் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எட்டே நாள்தான். மார்ச் 19 அன்று லிபியா மீது தாக்குதல் தொடங்கியது.

கடலோர நாடு ஒன்றைத் தாக்க பிரிட்டனிடம் விமானந்தாங்கிக் கப்பல் இல்லை. முதல் இரவு டொர்னாடோ விமானங்கள் இங்கிலாந்தின் மார்ஹம் தளத்திலிருந்து போக வர 3,000 மைல், நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தன. பிறகு இத்தாலியின் ஜோயா தெல் கோலே தளத்துக்கு மாறினார்கள். அமெரிக்கர்களோ கியர்சார்ஜ் கப்பலிலிருந்து தங்கள் ஹாரியர்களை ஏவிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன் தன்னிடமிருந்த 72 ஹாரியர்களையும் 11.6 கோடி பவுண்டுக்கு அமெரிக்காவுக்கே விற்றது, பெரும்பாலும் உதிரி பாகங்களுக்காக. பெங்காசியிலிருந்து பிரிட்டிஷ் குடிமக்களை மீட்டு வந்த கம்பர்லேண்ட் கப்பல்கூட, படையிலிருந்து விலக ஊர் திரும்பிக்கொண்டிருந்த கப்பல்தான்.

செலவுக் கணக்கும் இதே கதை. லிபியாவுக்கு ஆகும் செலவு கோடிகளில்தான் இருக்கும், பத்துக் கோடியைத் தொடாது என்ற தோரணையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் மார்ச்சில் சொன்னார். டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் சொன்ன மதிப்பீடு 21.2 கோடி பவுண்டு. அதில் 6.7 கோடி, போட்டுத் தீர்த்த குண்டுகளுக்குப் பதில் வாங்க.

படைக் குறைப்பை நிதித்துறையின் கதவு வழியாகவும் போரை வெளியுறவுத் துறையின் கதவு வழியாகவும் உள்ளே கொண்டுவந்தால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கணக்குக் கேட்க அமைச்சரவையில் ஆள் இருக்காது. பாரன் போன்றவர்கள் செய்தது அந்த வேலையை. 2016 செப்டம்பரில் காமன்ஸ் சபையின் வெளியுறவுக் குழு, அவரும் உறுப்பினராக இருந்த குழு, லிபியத் தலையீடு தவறான அனுமானங்களின் மேல் எடுத்த முடிவு என்று எழுதியது.

ஈரோடு: முழுநேர வீரர்களைக் குறைத்து பகுதிநேரப் படையைப் பெருக்கும் திட்டம் என்ன ஆனது? காகிதத்தில் நல்ல யோசனையாகத்தானே இருக்கிறது?

காகிதத்தில் நல்ல யோசனைதான். முழுநேரத் தரைப்படை 1,02,000இலிருந்து 82,000 ஆகும். பயிற்சி முடித்த பகுதிநேரப் படை ஏறத்தாழ 19,000இலிருந்து 30,000 ஆகும். ஒரு வீரருக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம், குடியிருப்பு, ஓய்வூதியம் தருவதற்குப் பதில், ஆண்டுக்கு 27 நாள் பயிற்சிக்கு மட்டும் சம்பளம். மிச்சமாகும் அல்லவா?

கோளாறு வரிசையில்தான் இருந்தது. குறைப்பதற்கு ஓர் உத்தரவு போதும், பெருக்குவதற்கு ஆள் கிடைக்க வேண்டும். ஆட்குறைப்பு சுற்றுச் சுற்றாக நடந்து முடிந்துகொண்டிருந்தது; புதிய பகுதிநேர வீரர்கள் வந்தபாடில்லை. பழைய காவல்காரரை நேற்றே அனுப்பிவிட்டு, புதியவருக்கு இன்று விளம்பரம் கொடுத்த கதை. பகுதிநேர வீரர் என்றால் அவருக்கு வேறொரு வேலை இருக்கும். அந்த முதலாளி பயிற்சிக்கு விடுப்புத் தர வேண்டும்; போருக்குக் கூப்பிட்டால் பல மாதம் ஆளில்லாமல் சமாளிக்க வேண்டும். சேர விரும்பியவர்களும் மருத்துவப் பரிசோதனையிலும் படிவத்திலும் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஆள் சேர்ப்பை 2012இல் கேப்பிட்டா நிறுவனத்திடம் 49.5 கோடி பவுண்டு ஒப்பந்தத்தில் விட்டிருந்தார்கள். அதற்கான இணைய அமைப்பு 52 மாதம் தாமதமானது என்றும், ஆண்டுதோறும் வீரர் சேர்ப்பு இலக்கில் 21 முதல் 45 சதவீதம் வரை பற்றாக்குறை விழுந்தது என்றும் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018இல் கணக்குச் சொன்னது. 2014 ஜூனிலேயே அதே அலுவலகம், 30,000 என்ற எண்ணிக்கையை எட்ட 2025 வரைகூட ஆகலாம் என்று எச்சரித்திருந்தது.

2013 நவம்பரில் பாரன் கொண்டுவந்த சட்டத் திருத்தம் எளிமையானது: பகுதிநேரப் படைத் திட்டத்தைச் சபை பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை அதை நடைமுறைப்படுத்தாதே. 306க்கு 252 என்று தோற்றது. ஆனால் பின்வரிசை எம்.பி. ஒருவர் கிளப்பிய விஷயத்தில் அரசின் பெரும்பான்மை 54க்குச் சுருங்கியது சாதாரணம் அல்ல.

அவருடைய பழைய ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியனும் கலைப்புப் பட்டியலில் இருந்தது. சொந்தப் படைக்காக வாதாடினார் என்ற குறை அவர்மேல் உண்டு, அதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அவர் உணர்ச்சியை முன்வைக்கவில்லை. ஆள் சேர்ப்பில் பலவீனமான ஸ்காட்லாந்துப் பட்டாலியன்கள் தப்பிவிட்டன, ஆள் நன்றாகக் கிடைக்கும் பட்டாலியன் போகிறது, ஸ்காட்லாந்து பிரிவது பற்றிய 2014 பொதுவாக்கெடுப்பு கண்ணில் பட்டதால் அரசு இப்படிச் செய்கிறது என்று எண்களோடு கேட்டார். 2012 அக்டோபரில் சபை 57க்கு 3 என்று அவர் பக்கம் நின்றது. அது அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானம். பட்டாலியன் 2014இல் போய்விட்டது.

சென்னை, சட்டக் கல்லூரி மாணவி: ஒரு கேள்வி அமைச்சர் முன்னால் போய்ச் சேரும் வழியைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

வாய்மொழிக் கேள்வியில் தொடங்குவோம். பாதுகாப்புத் துறைக்குச் சுமார் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாகத் திங்கட்கிழமை பிற்பகலில், ஒரு மணி நேரம். மூன்று அமர்வு நாட்களுக்கு முன் மதியம் 12.30க்குள் கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு கணினி குலுக்கல். பெயர் விழுந்தவர்களின் கேள்விகள் வரிசை எண்ணோடு அச்சாகும். பட்டியலின் அடியில் விழுந்தால் நேரம் முடிந்து உங்கள் முறை வராமலே போகும்.

இங்கேதான் சூட்சுமம். அச்சான கேள்வி வேண்டுமென்றே தட்டையாக இருக்கும்: 'தரைப்படையின் எண்ணிக்கை பற்றி அமைச்சர் அறிக்கை தருவாரா?' அதற்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த இரண்டு வரியை அமைச்சர் வாசிப்பார். அதற்குப் பிறகு எம்.பி. கேட்கும் துணைக் கேள்விக்கு முன்னறிவிப்பு கிடையாது. உண்மையான குத்து அதில்தான். எந்தப் பக்கத்திலிருந்து குத்து வரும் என்று ஊகித்து அதிகாரிகள் தடித்த கோப்பு ஒன்றைத் தயார் செய்து கொடுப்பார்கள். அந்தக் கோப்பில் இல்லாததைக் கேட்பவர் ஜெயித்தார்.

பெயர் விழாத எம்.பி.க்கள் ஒவ்வொரு பதில் முடிந்ததும் எழுந்து எழுந்து உட்கார்வார்கள், சபாநாயகர் கண்ணில் பட. கடைசி 15 நிமிடம் 'அன்றைய விவகாரம்' என்ற பகுதி. அதில் கேள்வியை முன்கூட்டி எழுதித் தர வேண்டியதே இல்லை. இந்திய மக்களவையோடு ஒப்பிட்டால், அங்கே 15 முழு நாள் முன்னறிவிப்பு. நாளுக்கு வாய்மொழிப் பதிலுக்கான 20 நட்சத்திரக் கேள்விகள், எழுத்துப் பதிலுக்கான 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். துணைக் கேள்வி உண்டு என்றாலும், அவசரமாகச் சூடான ஒன்றைப் பிடித்துக் கேட்க பிரிட்டன் முறையில் இடம் அதிகம்.

அதிலும் கூர்மையானது அவசரக் கேள்வி. காலையில் சபாநாயகரிடம் விண்ணப்பித்து அவர் சம்மதித்துவிட்டால், அமைச்சர் அன்றே சபைக்கு ஓடி வர வேண்டும். ஜான் பெர்கோ 2009இல் சபாநாயகரான பிறகு இதற்குத் தாராளமாக அனுமதி கொடுத்தார். வெளிநாட்டில் குண்டு போட்ட மறுநாள் அமைச்சரைப் பிடிக்க இதுதான் வழி.

மூன்றாவது, எழுத்துமூலக் கேள்வி. சபையில் யாரும் பார்க்காத, ஆனால் பாதுகாப்பு விவகாரத்தில் அதிகம் பயன்படும் கருவி. தேதி குறித்துப் பதில் கேட்கும் கேள்விகள் ஒருவர் நாளுக்கு ஐந்து வரை கொடுக்கலாம். அந்தத் தேதியில் 'பிறகு பதில் தருகிறேன்' என்று ஒப்புக்கு ஒரு வரி வந்து நிற்பது அடிக்கடி நடக்கும். தேதி குறிக்காதவற்றுக்கு ஒரு வாரத்தில் பதில் வருவது மரபு. கேள்வி அமைச்சரின் பொறுப்புக்குள் இருக்க வேண்டும், வாதமாக இருக்கக் கூடாது, ஏற்கெனவே பதில் வந்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. வாதத்தை எல்லாம் கேள்வி மேசை அதிகாரிகள் வெட்டிவிடுவார்கள்.

இவை தவிர, 2010இல் உருவான பின்வரிசை அலுவல் குழு வழியாக விவாத நேரமே கேட்டு வாங்கலாம். ஒரு கூட்டத் தொடரில் 35 நாள் அந்தக் குழுவின் கையில். அதற்கு முன் சபையின் நேரம் கிட்டத்தட்ட முழுக்க அரசின் சட்டைப்பையில் இருந்தது. மேலே சொன்ன ஆப்கானிஸ்தான் வாக்கெடுப்பும் ஃபியூசிலியர்ஸ் விவாதமும் இந்த வழியில் வந்தவை.

தஞ்சாவூர்: இவ்வளவு வழி இருந்தும் அமைச்சர்கள் நழுவிவிடுகிறார்களே, எப்படி?

பல தினுசு. முதலாவது, செலவு. பதிலைத் திரட்ட 850 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றால் 'பொருத்தமற்ற செலவு' என்று மறுக்கலாம். 'கடந்த 20 ஆண்டுகளில் ஒவ்வொரு ரெஜிமென்டிலும்...' என்று தொடங்கும் கேள்வி இந்தக் குழியில் நேராக விழும். அனுபவசாலிகள் ஓர் ஆண்டு, ஒரு படைப்பிரிவு, ஒரு தேதி என்று நறுக்கிக் கேட்பார்கள். அடுத்த வாரம் அடுத்த ஆண்டு.

இரண்டாவது, ரகசியம். சிறப்புப் படைகள், நீர்மூழ்கிகளின் நடமாட்டம் பற்றி எந்த அரசும் கருத்துச் சொல்லாது. இது நெடுநாள் கொள்கை, இதில் முட்டிப் பயனில்லை. அதே விஷயத்தின் ஓரத்தைத் தொடலாம்: எத்தனை பராமரிப்பு நாட்கள், என்ன செலவுத் தலைப்பு, எந்த ஆண்டில் முழுச் செயல்திறன்.

மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்தானது: அளவுகோலையே மாற்றுவது. தரைப்படையில் 'பயிற்சி பெற்ற பலம்' என்றால் அடிப்படைப் பயிற்சியும் அதன் பிறகு தொழிற்பயிற்சியும் முடித்தவர்கள் என்றிருந்தது. 2016 அக்டோபர் முதல், அடிப்படைப் பயிற்சி முடித்தாலே 'பயிற்சி பெற்றவர்' என்று கணக்கிடத் தொடங்கினார்கள். புதிதாக ஒருவரும் சேராமலே அட்டவணையில் எண் ஏறும். அதற்கு முன் வருடம், நாட்டு வருமானத்தில் 2 சதவீதம் பாதுகாப்புக்கு என்ற நேட்டோ கூட்டணியின் அப்போதைய இலக்குக்குக் காட்டும் கணக்கில் முன்பு சேர்க்காத ஓய்வூதியம் போன்ற இனங்களைச் சேர்த்தார்கள். நேட்டோ விதிப்படி அது தப்பில்லை. ஆனால் போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிட முடியாமல் போனது. ஜூலியன் லூயிஸ் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2016இல் இதைப் பிட்டுப் பிட்டு வைத்தது.

ஆகவே எண்ணைக் கேட்பதற்கு முன் வரையறையைக் கேட்க வேண்டும்: 'எந்த வரையறைப்படி, பழைய வரையறைப்படி எவ்வளவு, புதியதன்படி எவ்வளவு?' இந்த மூன்று துண்டும் ஒரே கேள்வியில் இருந்தால் நழுவ இடமில்லை.

நாகர்கோவில்: பின்வரிசையில் ஒருவர் எச்சரித்து, அரசு கேட்காமல், பிறகு அப்படியே நடந்த சம்பவம் உண்டா?

உண்டு. அந்தப் பின்வரிசை உறுப்பினர் முன்னாள் பிரதமர் என்பதுதான் விசேஷம்.

1981இல் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் கடற்படையைக் கடுமையாக வெட்டினார். அதை எதிர்த்துப் பேசிய கடற்படைத் துணை அமைச்சர் கீத் ஸ்பீட் பதவியை இழந்தார். தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளைச் சுற்றி வந்த என்டியூரன்ஸ் என்ற சிறிய கப்பலும் வெட்டில் போனது. பனிக்கடலில் ரோந்து, இரண்டு ஹெலிகாப்டர், கொஞ்சம் பீரங்கி, அவ்வளவுதான் அது. போர் வந்தால் எதையும் தடுக்காது. ஆனால் 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்ற அறிவிப்புப் பலகை அதுதான்.

1982 பிப்ரவரி 9 அன்று ஜேம்ஸ் கலஹன் எழுந்து, இந்தக் கப்பலைத் திரும்பப் பெறுவது பெருந்தவறு, விளைவுகள் மோசமாக இருக்கும், முடிவை மாற்றுங்கள் என்றார். தான் பிரதமராக இருந்தபோது 1977இல் அந்தக் கடலுக்கு ரகசியமாக நீர்மூழ்கி அனுப்பியவர் அவர், சும்மா பேசவில்லை. பிரதமர் மார்கரெட் தாட்சர், இது சுலபமான முடிவல்ல, ஆனால் பாதுகாப்பு நிதிக்கு இதைவிட முக்கியமான தேவைகள் இருக்கின்றன என்ற மாதிரி பதில் சொன்னார். ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா தீவுகளைப் பிடித்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை காமன்ஸ் சபை கூட வேண்டியதாயிற்று. அந்த முடிவை அறிவித்தது விவேகமல்ல என்று 1983 ஜனவரியில் வந்த ஃபிராங்க்ஸ் விசாரணை அறிக்கையே எழுதியது.

இன்னொன்று. ஏப்ரல் 5 அன்று போருக்குப் புறப்பட்ட இரண்டு விமானந்தாங்கிகளில் ஒன்றான இன்வின்சிபிளை ஆஸ்திரேலியாவுக்கு 17.5 கோடி பவுண்டுக்கு விற்பதாக அந்த பிப்ரவரியில்தான் அறிவித்திருந்தார்கள். அர்ஜென்டினா கொஞ்சம் பொறுத்திருந்தால் கப்பலே இருந்திருக்காது. மற்றொன்றான ஹெர்மிஸை நம்மவர்களுக்குத் தெரியும். 1986இல் இந்தியா வாங்கி, மறு ஆண்டு ஐ.என்.எஸ். விராட் ஆக்கி, 2017 வரை ஓட்டியது.

திருச்சி: ஜெனரல் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டதைப் பற்றி ஓர் எம்.பி. ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டாராமே?

டாம் டால்யெல், ஸ்காட்லாந்து தொழிற்கட்சி எம்.பி. ஃபாக்லாந்து போரில், 1982 மே 2 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி கான்கரர் அந்த அர்ஜென்டினக் கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அது பிரிட்டிஷ் படையை நெருங்கிக்கொண்டிருந்தது என்று அமைச்சர் சபையில் சொன்னார். டால்யெல் 'ஏன் மூழ்கடித்தீர்கள்?' என்று மட்டும் கேட்டிருந்தால் தேசபக்தி உரை ஒன்று பதிலாகக் கிடைத்திருக்கும். அவர் கேட்டவை வேறு: முதலில் எந்தத் தேதியில் கண்டீர்கள்? அப்போது எந்தத் திசையில் போனது? எத்தனை மணிக்குத் திசை மாறியது? மே 1ஆம் தேதியே கண்டார்கள் என்பதும், தாக்கப்பட்டபோது, உள்ளே வந்தால் தாக்குவோம் என்று பிரிட்டன் அறிவித்திருந்த 200 கடல் மைல் விலக்கு வளையத்துக்கு வெளியே, திரும்பி மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பதும் மெல்ல மெல்ல வெளியே வந்தன.

கப்பல் அப்போதும் அச்சுறுத்தல்தான், திசை எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று கடற்படைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சபையிடம் சொன்ன விவரம் தவறு என்பது தனி விஷயம்.

1984இல் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங், டால்யெலுக்கு ஆவணங்களைத் தபாலில் அனுப்பினார். அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு. 1985 பிப்ரவரியில் ஜூரி அவரை விடுவித்தது. அரசு பாடம் கற்றது, தன் பாணியில்: 1989இல் வந்த புதிய ரகசியச் சட்டத்தில் 'பொது நலனுக்காகச் செய்தேன்' என்ற தற்காப்புக்கு இடமே வைக்கவில்லை.

விழுப்புரம்: போருக்குப் போக பிரதமருக்கு நாடாளுமன்ற வாக்கு கட்டாயமா?

சட்டப்படி இல்லை. அரசரின் பெயரால் பிரதமரே உத்தரவிடலாம். 2003க்குப் பிறகு முன்கூட்டி வாக்கெடுக்கும் மரபு வளர்ந்தது. அதன் உச்சம் 2013. ஜூனில் 81 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். சபையின் ஒப்புதல் இல்லாமல் சிரியக் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் தரக் கூடாது என்ற பாரனின் தீர்மானம் ஜூலை 11 அன்று 114க்கு 1 என்று நிறைவேறியது. ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீதான தாக்குதல் தீர்மானத்தில் அரசே 285க்கு 272 என்று தோற்றது. கேமரன் பணிந்தார். ஆனால் 2018இல் தெரசா மே சிரியாவிலும், 2024இல் ரிஷி சுனக் ஏமனிலும் வாக்கெடுக்காமலே குண்டு போட்டார்கள். அவசரம், ரகசியம் என்றால் மரபு மடங்கிவிடுகிறது.

புதுச்சேரி: பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் காலி சபையில் பேசி என்ன பயன்?

2015 மார்ச் 12 அன்று, பாதுகாப்புக்கு நாட்டு வருமானத்தில் குறைந்தது 2 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற பாரனின் தீர்மானம் 37க்கு 3 என்று நிறைவேறியது. 650 பேர் சபையில் 40 பேர்! தேர்தல் நெருங்கிய நேரம், கட்சித் தலைமை வாயே திறக்கவில்லை. ஜூலை பட்ஜெட்டில் ஆஸ்போர்ன் அந்த 2 சதவீதத்துக்கு உறுதி கொடுத்தார். அந்த 37 பேரால்தான் என்று சொல்ல மாட்டோம். வாஷிங்டனும் தளபதிகளும் நெருக்கினார்கள். ஆனாலும் வாக்கெடுப்புப் பட்டியலில் பெயர் பதிவானவர்களைக் கட்சிக் கொறடா எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.

லண்டன், ஹாரோ: என் தொகுதி எம்.பி. மூலம் பாதுகாப்பு அமைச்சரிடம் கேள்வி கேட்க வைக்க முடியுமா? எப்படி எழுதுவது?

முடியும். உங்கள் சொந்தத் தொகுதி எம்.பி.க்குத்தான் எழுத வேண்டும். வேறு தொகுதிக்காரர் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான மரபு. தமிழ் வம்சாவளி என்பதற்காக ஸ்ட்ராட்ஃபர்ட் – போ தொகுதியின் உமா குமரனுக்கு ஹாரோவிலிருந்து எழுதினால், அவர் வெளியுறவுக் குழுவில் இருந்தும் கடிதம் உங்கள் எம்.பி.க்கே திருப்பிவிடப்படும். முழு முகவரியும் அஞ்சல் குறியீடும் இல்லாத கடிதத்தை உதவியாளர்கள் முதல் வடிகட்டலிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

எழுதுவதற்கு முன் நாடாளுமன்ற இணையதளத்தில் எழுத்துமூலக் கேள்விகளைத் தேடிப் பாருங்கள். பாதி சமயம் பதில் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால் ஒரு பக்கக் கடிதம் போதும். அரசு எங்கே என்ன சொன்னது, அதில் எது விடுபட்டது என்று நான்கைந்து வரி. அடுத்து நீங்களே கேள்வியின் வாசகத்தை எழுதிக் கொடுங்கள்: 'இந்தத் தேதியில், இந்த வரையறைப்படி, இந்தப் பிரிவில் எத்தனை பேர்?' இலங்கைக்கோ வேறு நாட்டுக்கோ போன ஆயுத ஏற்றுமதி உரிமங்கள் பற்றி என்றால், எந்தக் காலாண்டு, எந்த வகைப் பொருள் என்று குறிப்பிடுங்கள். அச்சடித்த ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்பினால் அதை ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள்.

பொருத்தமற்ற செலவு என்று பதில் வந்தால், பிரிட்டனிலும் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அங்கே மத்திய அரசுத் துறைகளுக்குச் செலவு வரம்பு 600 பவுண்டு. நாடாளுமன்றக் கேள்வியின் 850ஐ விடக் குறைவு. எனவே மறுக்கப்பட்ட கேள்வியை அப்படியே அனுப்பினால் அங்கேயும் மறுப்புதான் வரும், பாதியாக்கி அனுப்புங்கள். 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். இதற்கு பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. சென்னையிலிருந்தும் கேட்கலாம், மின்னஞ்சலில், கட்டணம் இல்லாமல்.